வளையல் போட்ட துப்பாக்கி

“தலைப் பக்கம் இறக்குங்க. இன்னும் கொஞ்சம். போதும், விடுங்க, நான் பிடிச்சுக்கிட்டேன்.”

குழிக்குள் நின்றபடி ஸைஃப் கைகளை ஏந்தினார். மேலே நின்றவர்கள் துணியைத் தளர்த்த, அண்ணன் முஹன்னாவின் உடல் அவர் கைக்கு வந்தது. கனமே இல்லை. நாற்பது வருஷம் பழைய இரும்பாக வாங்கிச் சுமந்த மனிதர், அவ்வளவையும் வீட்டுச் சுவரில் மாட்டிவிட்டு வெறுங்கையாகப் போகிறாரே என்று ஸைஃபுக்குத் தோன்றியது. கால் பக்கத்தைப் பிடித்திருந்த அண்ணன் மகன் அஸ்ஸானுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. துடைக்கக் கை இல்லை.

அழுகை வரும் என்று நினைத்துத்தான் ஸைஃப் குழிக்குள் இறங்கினார். வரவில்லை. வந்தது பழைய எரிச்சல்தான். போன மாதம் அண்ணன் வீட்டு முற்றத்தில் நின்று அவர் ஒன்றே ஒன்றைக் கேட்டார். அண்ணன் தலையைக்கூட நிமிர்த்தாமல், “அதை மட்டும் கேக்காதே” என்றுவிட்டார். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சில்லை. ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார், அல்லது தூங்குவதாகப் பாவனை செய்தார். இவரும் எழுப்பவில்லை.

மேலே ஏறி மூன்று கைப்பிடி மண் போட்டார். கையைத் தட்டிக்கொண்டே, இனி யாரிடம் கேட்க வேண்டும் என்று யோசித்தார். அஸ்ஸானிடம் கேட்டால் போதும். அவன் பூஞ்சை மனசுக்காரன், மறுக்க மாட்டான்.

அவர் கேட்டது வாப்பாவின் துப்பாக்கியை.

மார்ட்டினி கார்பைன் என்றால் இந்தப் பக்கத்தில் பள்ளிக்கூடம் போகாத குழந்தைக்கும் தெரியும். இங்கிலீஷ்காரனின் குதிரைப்படை ஒரு காலத்தில் தோளில் மாட்டித் திரிந்து, புதுசு வந்ததும் கழித்துக்கட்டிய குட்டைத் துப்பாக்கி. அவன் கழித்ததையெல்லாம் கப்பலில் ஏற்றி இந்த அரபுக் கரையில் விற்றார்கள். நம் பாட்டன்மார் அதை வாங்கி, இது இல்லாதவன் ஆம்பளையே இல்லை என்று ஆக்கிவைத்தார்கள். ஸைஃபின் வாப்பா ஸாலிம் மலைச் சண்டையில் தூக்கித் திரிந்ததும் அப்படி ஒன்றுதான். ஒரு அலங்காரமும் இல்லாத கறுப்பு இரும்பு, எண்ணெய் குடித்த மரம், அவ்வளவுதான்.

முஹன்னாவின் வீட்டு மஜ்லிஸில், அதாவது ஆண்கள் கூடும் அந்த நீளக் கூடத்தில், இருபத்திமூன்று மார்ட்டினிகள் தொங்கின. நகராட்சித் தண்ணீர் லாரி ஓட்டிய ஆள் அவர். வெள்ளிக்கிழமை விடிந்தால் நிஸ்வா சந்தைக்குப் போய்விடுவார். ஆடு விற்கிற இடத்துக்குப் பக்கத்தில் கிழவர்களோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு குழலையும் வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். வாங்கியது நேராக வீட்டுக்கு வராது. தட்டான் கடைக்குப் போகும். குழலைச் சுற்றி வெள்ளிப் பட்டைகள், கட்டையில் வெள்ளிக் குமிழ் ஆணிகள், பக்கவாட்டில் பூவேலை செய்த தகடு எல்லாம் ஏறி, கல்யாணப் பெண்ணாக ஜொலித்துக்கொண்டுதான் வீடு வந்து சேரும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த மனிதர் ஒரு தடவைகூடத் துப்பாக்கி சுட்டதில்லை. பெருநாளன்று ஊரே வானத்தைப் பார்த்துச் சுடும்போது இவர் சுவர் ஓரமாகக் காதில் விரலை வைத்துக்கொண்டு நிற்பார். ரஸ்ஹா ஆட்டத்தில் ஆண்கள் துப்பாக்கியைச் சுழற்றி மேலே எறிந்து பிடிக்கும்போது இவர் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருப்பார்.

தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் ஸைஃப். கூட்டம் கூடினால் பேசாமல் இருக்க மாட்டார். கூட்டத்தில் அவர் சொல்கிற நகைச்சுவை ஊருக்கே மனப்பாடம்.

“எங்க அண்ணன் வீட்டுல இருபத்திமூணு பொண்ணுங்க இருக்காங்க. அத்தனை பேரும் வளையல் போட்டிருக்காங்க. ஆனா ஒருத்தியும் இன்னிக்கு வரைக்கும் வாயைத் திறந்ததில்லை!”

மஜ்லிஸ் அதிரச் சிரிப்பார்கள். முஹன்னாவும் சிரிப்பார். அதுதான் ஸைஃபுக்கு ஆகாது. ரோஷம் இருந்தால் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்ல வேண்டாமா? பல்லைக் காட்டுகிறாரே என்று இன்னும் இளக்காரம் கூடும்.

மற்ற இருபத்திரண்டையும் அவர் எப்படி வேண்டுமானாலும் சிங்காரித்துக்கொள்ளட்டும். வாப்பாவுடையதையும் அல்லவா சிங்காரித்துவிட்டார். ஸைஃபின் கல்யாணம் முடிந்த மறுநாளே, யாரையும் கேட்காமல் தட்டானிடம் கொண்டுபோய் ஏழு பட்டை போட்டுக் கொண்டுவந்தார். வாப்பாவுக்கு அப்போதே இரண்டு கண்ணிலும் புரை. சாயங்காலம் ஆனால் துப்பாக்கியை மடியில் போட்டு நுனியிலிருந்து அடிவரை விரலால் தடவிக்கொண்டிருப்பது அவர் வழக்கம். அன்றைக்கும் தடவினார். விரல் வெள்ளியில் தட்டியது.

“இது எவளோட துப்பாக்கிடா?” என்று கேட்டார்.

“உங்களோடதுதான் வாப்பா. அழகா இருக்கட்டுமேன்னு…”

வாப்பா அதை மடியிலிருந்து கீழே தள்ளிவிட்டார். அதற்குப் பிறகு அதைத் தொடவே இல்லை. மூத்த மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டார். “டேய் தட்டான்” என்றுதான் கூப்பிட்டார். அந்தக் குளிர்காலத்திலேயே இறந்தும் போனார். சொத்துப் பிரித்தபோது, வாய்க்காலில் தனக்கு வர வேண்டிய தண்ணீர் முறை முழுவதையும் முஹன்னா தம்பிக்கே விட்டுக்கொடுத்துவிட்டு, அந்த ஒரு துப்பாக்கியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். தண்ணீரை விட்டுவிட்டு வளையலை எடுத்த மடையன் என்று ஸைஃப் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவருடைய பேரீச்சைகள் அந்தத் தண்ணீரில்தான் இன்றைக்கும் காய்க்கின்றன. அண்ணனுடையவை கருகி எத்தனையோ வருஷம் ஆயிற்று.

இப்போது ஸைஃபின் கடைசி மகனுக்குக் கல்யாணம். இரண்டு மாதம்தான் இருக்கிறது. மாப்பிள்ளை ஊர்வலத்தில் ரஸ்ஹாவுக்கு முன்னால், வாப்பாவின் துப்பாக்கியைத் தோளில் மாட்டி நடக்க வேண்டும் என்பது ஸைஃபின் ஆசை. அதுவும் வளையலோடு அல்ல, வாப்பா தூக்கியது மாதிரி வெறும் இரும்பாக. அது நடக்காமல் தன் தலை மண்ணில் சாயக் கூடாது என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

துக்கம் விசாரிக்கிற மூன்றாம் நாள் பிற்பகல். மஜ்லிஸ் நிறைய ஆட்கள். அல் ஐனிலிருந்து ராஷித் என்று ஒருவர் வந்திருந்தார். முஹன்னாவுக்குச் சந்தைப் பழக்கம். ஆறுதல் சொல்லிக் கையைக் குலுக்கிவிட்டு, பேரீச்சம்பழக் கொட்டையைத் தட்டில் போட்ட கையோடு சுவரை நோட்டம்விட ஆரம்பித்துவிட்டார். துக்க வீடு என்பது அவருக்கு மறந்தே போயிற்று.

“நல்ல சரக்கு எல்லாத்தையும் வெள்ளியைப் போட்டுக் கெடுத்து வச்சிருக்காரே மனுஷன்,” என்றார் ஸைஃபின் காதருகே.

“எங்க அண்ணன் துப்பாக்கியா வாங்கினார்? மருமகள்னு நினைச்சு நகை போட்டுக்கிட்டிருந்தார்.”

ராஷித் எழுந்து வாப்பாவின் துப்பாக்கி அருகே போனார். பட்டைகளின் மேல் கட்டைவிரலை அழுத்தி அழுத்திப் பார்த்தார். சந்தையில் எல்லோரும் செய்வதுதான் அது. வெள்ளிக்குக் கீழே விரிசலோ பொத்தலோ இருந்தால் பட்டை லேசாக அமுங்கும்.

“இதுல ஏன் பட்டை இவ்வளவு தடிமன்? மத்ததெல்லாம் காகிதம் மாதிரி இருக்கு. இது ஒண்ணு மட்டும் விரலுக்கு ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குது.”

“அது எங்க வாப்பாவோடது. அதுல பழுது கிடையாது,” என்றார் ஸைஃப் வெடுக்கென்று. “மத்ததுல வேணும்னா தேடிப் பாருங்க. சந்தைக்காரன் எதை வித்தாலும் வாங்கற ஆளு எங்க அண்ணன்.”

சொல்லிவிட்டு எழுந்து நடைக்கு வந்தார். அஸ்ஸான் அரபுக் காப்பியான கஹ்வாவைப் பாத்திரத்தில் நிரப்பிக்கொண்டிருந்தான்.

“அஸ்ஸான், உன் வாப்பிச்சாவோட துப்பாக்கியை நான் எடுத்துக்கறேன். வேற எதுவும் எனக்கு வேண்டாம். உங்க வாப்பா சேர்த்த குப்பையை நீயே வச்சுக்கோ.”

அஸ்ஸானின் காது சிவந்தது. ஆனாலும் அமைதியாகத்தான் பதில் சொன்னான். “உம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வர்றேன் சாச்சா.”

முஹன்னாவின் மனைவி ரய்யா, புருஷன் போனவள் ஒதுங்கி இருக்கிற இத்தாவில் இருக்கிறாள். கொழுந்தன் முகத்தில் விழிக்க மாட்டாள். உள்ளறைக் கதவு ஒரு கை அகலம் திறந்திருந்தது. மகன் கேட்பதற்கு முன்பே அவள் குரல் வந்தது. எல்லாம் அங்கிருந்தே கேட்டிருக்கிறாள்.

“அதை விட்டுட்டு வேற எதை வேணும்னாலும் எடுத்துக்கச் சொல்லு.”

“ஏன் மதினி? அண்ணன் போயாச்சு. இன்னும் எதுக்கு அந்தப் பிடிவாதம்? வாப்பா சொத்துல எனக்கும் பாத்தியதை உண்டு.”

“உண்டுதான்.”

“பிறகென்ன? என் மகன் கல்யாணத்துல ஆம்பளை மாதிரி அதைத் தூக்கிட்டு நடக்க இந்தக் குடும்பத்துல நான் ஒருத்தன்தான் மிச்சம்.”

அஸ்ஸான் பாத்திரத்தின் மூடியைத் திறந்து மூடினான். பிறகு ரய்யா, எதையோ தோளிலிருந்து இறக்கிவைத்தவள் போல, “குடுத்துடு,” என்றாள். “அவர்தான் இல்லையே. இனிமே யார் காவல் காக்கறது.”

ஸைஃப் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு பின்முற்றத்துக்குப் போனார். எலுமிச்சை மரத்தடியில் சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்து பேனாக்கத்தியைப் பிரித்தார். வீடு போகும்வரைகூடப் பொறுமை இல்லை. நாற்பது வருஷமாக வாப்பாவின் மேல் கிடக்கிற அவமானம், இன்றைக்கு அண்ணன் வீட்டு முற்றத்திலேயே கழன்று விழட்டும் என்று ஒரு வெறி.

அடிப்பக்கத்திலிருந்து தொடங்கினார். முதல் பட்டையின் ஓரத்தில் கத்தியைச் செருகி நெம்பியதும் வெள்ளி வாயைப் பிளந்தது. கீழே சுத்தமான இரும்பு. வாப்பா தடவித் தடவி மழமழப்பான அதே இரும்பு. ஸைஃபுக்கு நெஞ்சு நிறைந்தது. “பாருங்க வாப்பா,” என்று வாய்விட்டே சொன்னார். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது பட்டைகளும் கழன்றன. எதன் கீழும் ஒரு கீறல் இல்லை. காரணமே இல்லாமல் இவ்வளவு வெள்ளியை இழைத்திருக்கிறானே மடையன் என்று அண்ணனைத் திட்டிக்கொண்டே ஐந்தையும் ஆறையும் கழற்றினார். அந்த இரும்பைப் பார்க்கப் பார்க்கத் தன் கல்யாண நாள் ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவருக்கு இருபத்திநான்கு வயது. மூன்று ஆள் உயரத்துக்கு இதை எறிந்து பிடித்தார். பிறகு வானத்தைப் பார்த்துச் சுட்டார். ஒரு வாரம் தோள் கன்றிக் கிடந்தது. அதைப் புதுப்பெண்ணிடம் காட்டிப் பெருமைப்பட்டார்.

ஏழாவது பட்டை, நுனியிலிருந்து நான்கு விரல் தள்ளி இருந்தது. அது வரவில்லை. ஓரத்தில் பற்றவைத்திருந்தார்கள். மரத்தின் நுனியைக் கொஞ்சம் வெட்டி அதற்கு இடம் செய்திருந்தார்கள். கத்தி முனை வளைந்தது. அவர் விடவில்லை. கடைசியில் வெள்ளி கிழிந்து வந்தது. அதன் கீழே அரக்கு. அதையும் சுரண்டினார்.

அரக்குக்குக் கீழே குழல் வீங்கியிருந்தது.

சுற்றிலும் ஒரே அளவாக, மோதிரம் போட்ட மாதிரி ஒரு புடைப்பு. அதன் நடுவில் மயிரிழை விரிசல். துப்பாக்கி பிடித்துப் பழகியவனுக்கு அது எப்படி வரும் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். குழல் வாயில் மண் அடைத்திருக்கும்போது சுட்டால்தான் அப்படி வரும்.

அன்றைக்கு மூன்று ஆள் உயரம் எறிந்ததை ஸைஃப் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். இரண்டாவது தடவை எறிந்ததை யாரிடமும் சொன்னதில்லை. பிடி நழுவி, துப்பாக்கி வாய்க்கால் ஓர ஈரமணலில் தலைகீழாகக் குத்தி நின்றது. எல்லோரும் மேளக்காரனைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். இவர் பிடுங்கி, சட்டைக் கையால் ஒரு துடை துடைத்துவிட்டு, குழலுக்குள் பார்க்காமல், தோட்டாவைப் போட்டுச் சுட்டார். சத்தம் வேறு மாதிரி கேட்டது. பக்கத்தில் தண்ணீர்ச் செம்போடு நின்ற அண்ணன்தான் ஓடிவந்தார். “குடு, நான் கொண்டுபோய் மாட்டிடறேன், நீ ஆடு,” என்றார். இவரும் கொடுத்துவிட்டு ஆடப் போய்விட்டார். பிறகு ஒரு நாள்கூட அதை எடுத்துப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று எங்கோ அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

வாப்பாவின் விரல் தினமும் நுனியிலிருந்துதான் தொடங்கும்.

நாற்பது வருஷம் ஊரைக் கூட்டிவைத்துச் சிரித்த சிரிப்பெல்லாம் இப்போது ஸைஃப் மடியில் வந்து உட்கார்ந்திருந்தது. வெட்கமாக இருந்தது. இந்த வயதில் இவ்வளவு வெட்கம் வரும் என்று அவர் நினைத்ததில்லை.

“பார்த்தாச்சா?”

பின்பக்க ஜன்னலின் திரைக்குப் பின்னால் ரய்யா. உருவம் தெரியவில்லை. குரலில் அழுகையும் இல்லை, பரிவும் இல்லை.

“மதினி, இது…”

“மாமா கைக்குத் தட்டுப்படக் கூடாதுன்னு என் கல்யாண வளையல் நாலையும் உருக்கிப் போட்டார். புதுசா கல்யாணம் ஆன தம்பி, வாப்பா வாயில விழக் கூடாதாம். அந்தத் திட்டை இவர் வாங்கிக்கிட்டார்.” அவள் மூச்சு வாங்கினாள். “ஒண்ணுக்கு மட்டும் வெள்ளி போட்டா ஏன்னு கேப்பாங்கன்னு இன்னொண்ணு வாங்கிப் போட்டார். பிறகு அதுவே பைத்தியமாப் போச்சு. நான் என்ன சொல்ல? நீங்க வளையல், வளையல்னு சிரிக்கும்போதெல்லாம் நான் உள்ள இருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்.”

“என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே.”

“சொல்லுங்கன்னு நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன். ‘அவன் எல்லார் முன்னாடியும் நிமிர்ந்து பேசற ஆளு, அது போயிட்டா அவன்கிட்ட வேற ஒண்ணும் இல்ல ரய்யா’ன்னார்.”

ஜன்னல் சாத்திக்கொண்டது.

ஸைஃப் கிழிந்த பட்டையை எடுத்துப் புடைப்பின் மேல் வைத்து அழுத்தினார். அது சேரவில்லை. மறுபடி அழுத்தினார். கிழிசல் விரலைக் கீறியதுதான் மிச்சம்.

“சாச்சா!” அஸ்ஸான் முற்றத்துக்கு வந்தான். “வாலி வந்திருக்கார். உங்களைத்தான் கேக்கறார். உடனே வாங்க.”

துப்பாக்கியை வைத்துவிட்டுப் போக இடமில்லை. எங்கே வைத்தாலும் யாராவது எடுத்துப் பார்ப்பார்கள். வலது கையால் நுனிப் புடைப்பை மூடிப் பிடித்து மார்போடு அணைத்துக்கொண்டு, ஸைஃப் மஜ்லிஸுக்குள் வந்தார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். வாலிக்கு அவர் இடது கையை நெஞ்சில் வைத்துத் தலையை மட்டும் தாழ்த்தினார். வாலியின் நீட்டிய கை கொஞ்ச நேரம் நின்று, திரும்பிப் போயிற்று. வாலி என்றால் மாவட்ட அதிகாரி. அவருக்குக் கைகொடுக்காத ஸைஃபை அந்த ஊர் அன்றுதான் பார்த்தது.

அவர் சுவரோரம் உட்கார்ந்து துப்பாக்கியை மடியில் போட்டுக்கொண்டார். கை நுனியிலேயே இருந்தது.

“அடடே, வளையலைக் கழட்டியாச்சா!” என்றார் எதிரே உட்கார்ந்திருந்த கல்ஃபான், ஊர் வாய்க்காலின் மேற்பார்வைக்காரர். “இப்பத்தான் வாப்பாவோட துப்பாக்கி மாதிரி இருக்கு. ஐயா, அந்த இருபத்திமூணு பொண்ணு கதையை வாலிக்கு ஒரு தடவை சொல்லுங்களேன். நீங்க சொன்னாத்தான் நல்லா இருக்கும்.”

சிலர் துக்க வீட்டுக்காக உதட்டுக்குள் சிரித்தார்கள். எல்லோரும் ஸைஃபின் வாயைப் பார்த்தார்கள். அவர் நுனியை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

“நுனியைக் கொஞ்சம் காட்டுங்க,” என்று ராஷித் கை நீட்டினார். “அந்த ஒரு இடத்துலதான் எனக்குச் சந்தேகம்.”

ஸைஃப் காட்டவில்லை.

அஸ்ஸான் வரிசையாகக் கஹ்வா கொடுத்துக்கொண்டு வந்தான். அவர் முன்னால் குனிந்து, சின்னக் கோப்பையை ஊற்றி நீட்டினான். வலது கையால் வாங்குவதுதான் முறை. இடது கையால் வாங்குவது கொடுத்தவனைக் காறித் துப்புவதற்குச் சமம். முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் அவர்.

“சாச்சா, கஹ்வா,” என்றான் அஸ்ஸான்.

ஸைஃப் கோப்பையைப் பார்த்தார். அண்ணன் மகனைப் பார்த்தார். கை மாறும் ஒரு நொடி போதும், ராஷித் கண்ணில் புடைப்பு பட்டுவிடும். வலது கையை எடுக்கவில்லை. கோப்பையிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. அஸ்ஸான் குனிந்தபடியே நின்றான்.